முழங்காலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்

உடலை அச்செடுப்பது என் வேலை. சிற்பிகளின் பட்டறையில் ஒருவரை நிற்கவைத்தோ உட்காரவைத்தோ தோல்மேல் ஆல்ஜினேட் பூசுவேன். அதற்குமேல் மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி, இறுகியதும் கழற்றி எடுப்பேன். உள்ளே அந்த உடல் பள்ளமாகப் பதிந்திருக்கும். அதில் பிளாஸ்டரையோ மெழுகையோ ஊற்றினால் சிலை. பதினான்கு வருடங்களாக இதைச் செய்கிறேன். கண்காட்சிச் சுவரில் ஒட்டும் சீட்டில் சிற்பியின் பெயர் இருக்கும். அச்சுக்குள் நின்றவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து வரும் பொருள். பல் மருத்துவர் பல்லுக்கு அச்செடுக்கும்போது வாயில் வைப்பாரே, அதே வகைதான். தண்ணீரில் கலந்தால் கூழ்போல இருக்கும். சில நிமிடங்களில் ரப்பர் மாதிரி உறைந்துவிடும். வெந்நீரில் சீக்கிரம் உறையும், குளிர்ந்த நீரில் மெதுவாக. பூசி முடிக்க நேரம் வேண்டும் என்பதால் எங்களுக்குக் குளிர்ந்த நீர்தான் வசதி. வெற்றுடம்பில் அது பட்டதும் நிற்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். தோல் புல்லரித்துவிடும். அந்தப் புல்லரிப்பும் அப்படியே பதியும். சிலையின் தோளில் இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளைப் பார்த்து, என்ன தத்ரூபம் என்று பார்வையாளர்கள் வியப்பதைக் கேட்டிருக்கிறேன். யாரோ ஒருவர் குளிரைப் பொறுத்துக்கொண்டு நின்ற தடயம் அது.

முகத்துக்கு அச்செடுக்கும்போது கண்ணை மூடியே இருக்க வேண்டும். மூக்குத் துவாரங்கள் மட்டும் திறந்திருக்கும். காதும் அடைத்துக்கொள்ளும். அந்தப் பத்து இருபது நிமிடங்களில் அவர் எங்களை முழுக்க நம்பித்தான் மூச்சு விடுகிறார். மாவுக்கட்டு இறுகும்போது சூடாகும். மெல்லிய கட்டு என்றால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஆனால் கெட்டியாகக் கரைத்த பிளாஸ்டருக்குள் கையை முக்கிவைத்தால் சூடு 60 டிகிரி வரை போய் சதையையே வேகவைத்துவிடும். விவரம் தெரியாமல் யாரும் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். நிஜமாகவே விரல்கள் போயிருக்கின்றன.

சேர்ந்த முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண், நின்ற நிலையில், கழுத்து முதல் தொடை வரை. அரைமணி நேரம் ஆகியிருந்தது. உடம்புக்கு ஏதாவது செய்தால் விரலை அசைத்துக் காட்டுங்கள் என்று சொல்லி வைத்திருந்தோம். அவர் அசைத்திருக்கிறார். நான் இடுப்புப் பக்கம் துணியின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. அடுத்த நொடி மயங்கிச் சாய்ந்தார். தோளில் தாங்கிப் பிடித்தோம்; ஆனாலும் கட்டு மடங்கி விரிசல் விட்டுவிட்டது. என் கண் முதலில் போனது அந்த விரிசலுக்கு. அப்புறம்தான் அவர் முகத்துக்கு. தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "மன்னிச்சிடுங்க, உங்க வேலை கெட்டுப்போச்சு."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியது நான். அன்று எனக்கு வாய் வரவில்லை.

முழங்காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் கெண்டைக்கால் தசைகள் வேலை செய்யாது. இரத்தம் காலிலேயே தேங்கும், தலைக்குப் போவது குறையும், ஆள் விழுவார். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் அந்த வேலையில் இறங்கியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து யார் வந்து நின்றாலும் என் முதல் பேச்சு இதுதான்: "முழங்காலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்." நிற்பவரின் கையை மட்டுமே ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருப்பார், வேறு எந்த வேலையும் அந்த ஆளுக்குக் கிடையாது.

உயிருள்ள உடலில் அச்செடுப்பது ஒரு காலத்தில் சிற்பிக்கு அவமானம். 1877இல் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் 'வெண்கல யுகம்' சிலையைக் காட்டியபோது, இது கையால் வடித்ததல்ல, ஆளின்மேல் நேரடியாக அச்செடுத்தது என்று குற்றம்சாட்டினார்கள். மாடலாக நின்றவர் ஓகுஸ்த் நெய்த் என்ற பெல்ஜிய சிப்பாய். அவருடைய புகைப்படங்களைக் காட்டி ரோதான் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் போராட வேண்டியிருந்தது. அந்தச் சிப்பாய் மாதக்கணக்கில் நின்றதைப் பற்றி அந்தச் சண்டையில் யார் கவலைப்பட்டார்கள்?

இன்று அச்செடுப்பதை யாரும் ஒளிப்பதில்லை. 1961இல் அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் சீகல் மாவுக்கட்டுத் துணியால் முதல் உருவத்தைச் செய்தபோது உள்ளே உட்கார்ந்தது அவரேதான், சுற்றியது அவர் மனைவி. ஆங்கிலேயச் சிற்பி ஆண்டனி கோர்ம்லியும் அப்படித்தான், மனைவியை வைத்துத் தன் உடலுக்கே அச்செடுத்துக்கொண்டார். இங்கிலாந்தில் கிராஸ்பி கடற்கரையில் கடலைப் பார்த்து நிற்கும் அவருடைய 100 இரும்பு உருவங்கள், 17 அச்சுகளிலிருந்து வந்தவை. இளமையில் இந்தியாவில் விபாசனா தியானம் பயின்றவர் அவர். அசையாமல் இருப்பது வெளியிலிருந்து வந்த கட்டளையாக இல்லாமல் அவருடைய பயிற்சியாகவே இருந்திருக்கிறது என்பது என் எண்ணம். இவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. பிளாஸ்டரின் பாரத்தை முதலில் தாங்கள் சுமந்து பார்த்தவர்கள்.

மற்றவர் உடலை எடுக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. 1960இல் பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் ஈவ் கிளைன் நடத்திய நிகழ்ச்சியில், பெண்கள் உடம்பில் நீலச் சாயம் பூசிக்கொண்டு தாளில் பதிந்தார்கள், இழுபட்டார்கள். அவர்களை உயிருள்ள தூரிகைகள் என்றார் கிளைன். அவர் விருந்துக்குப் போகிற உடையில், கையில் சொட்டுச் சாயம் படாமல் நின்றார். அந்த நீலத்தின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் தரையில் உராயும் முழங்கால்களுக்கே போகிறது. 1999இல் கியூபாவின் ஹவானாவில் சான்டியாகோ சியெரா என்ற ஸ்பானியக் கலைஞர் வேலையில்லாத ஆறு இளைஞர்களுக்கு ஆளுக்கு 30 டாலர் கொடுத்து, அவர்கள் முதுகில் ஒரே நேர்கோட்டைப் பச்சை குத்தவைத்தார். வறுமை எதையெல்லாம் விற்கவைக்கிறது என்பதைக் காட்டத்தான் அப்படிச் செய்தார் என்பார்கள். சரி, காட்டிவிட்டார். கண்காட்சி முடிந்துவிடும். கோடு அந்த முதுகுகளில்தானே இருக்கும்? என்னால் அதை ஏற்க முடியவில்லை.

நான் பின்பற்ற விரும்பும் வழி வேறொன்று. ஜான் அஹெர்ன், ரிகொபெர்த்தோ டோரஸ் என்ற இரு சிற்பிகள் 1979 முதல் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில், பல சமயம் தெருவிலேயே, அக்கம்பக்கத்து மக்களின் முகத்துக்கும் மார்புக்கும் அச்செடுத்து வண்ணம் தீட்டினார்கள். சாமி சிலைகள் செய்யும் தன் மாமாவின் பட்டறையில் தொழில் பழகியவர் டோரஸ். ஒவ்வொருவருக்கும் ஒரு வார்ப்பு கண்காட்சிக்கு, இன்னொரு வார்ப்பு அவருக்கே. அதைப் படித்த பிறகு, வேலை எடுக்கும்போதே இந்த நிபந்தனையையும் சொல்லிவிடுகிறேன். சில சிற்பிகள் மறுக்கிறார்கள். அந்த வேலைகளை நான் எடுப்பதில்லை.

கடைசியாக ஒன்று. கைகளை மட்டும் வைத்து ஒரு சிற்பி வரிசையாகச் செய்துகொண்டிருந்தார். எழுபது கடந்த ஒரு பெரியவர் வந்தார். பார்க்கின்சன் நோய், வலது கை நடுங்கும். பரவாயில்லை ஐயா என்று ஆல்ஜினேட் வாளிக்குள் கையை விடச் சொன்னேன். உறையும் அந்த நிமிடங்களிலும் கை நடுங்கியதால், உள்ளே பள்ளம் விரிந்துகொண்டே போனது. வார்த்துப் பார்த்தால் ரேகை இல்லை, நகத்தின் விளிம்பு இல்லை. விரல்கள் கனத்து, ஒன்றுக்குள் ஒன்று கரைந்த மாதிரி, நீரோட்டத்தில் கிடந்த கல்லைப்போல வழவழப்பாக இருந்தது. அந்த ஐந்து நிமிடமும் அதில் இருந்தது. நான் எடுத்த அச்சுகளிலேயே அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சிற்பிக்கும் அதை விட மனமில்லை.

பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துல நடுக்கம் அடங்கும். அப்ப வந்தா நல்லா எடுக்கலாமில்ல?" என்றார். வந்தார். இரண்டாவது முறை எல்லாம் தெளிவாக விழுந்தது, பழைய தழும்பு ஒன்று உட்பட. முதல் வார்ப்பையும் கண்காட்சியில் வைக்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. அது வியாதியோட கை. என் கை இது."

இரண்டாவது வார்ப்பின் ஒரு பிரதியைத் துணியில் சுற்றிக் கொடுத்தோம். மற்றதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். உடைத்துவிடுகிறோம் என்றேன். சிற்பி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் போன பிறகு அந்தக் கனத்த விரல்களை ஒருமுறை தடவிப் பார்த்தேன். அப்புறம் சாக்கில் போட்டுச் சுத்தியலை எடுத்தேன்.