நிமோனியா கேள்விக்குப் படிப்பவர்களுக்கு: சளிக் குப்பியிலிருந்து தொடங்குங்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மருத்துவ ஆய்வகப் படிப்பில் இருக்கும் ஜூனியர்கள், மைக்ரோபயாலஜி தேர்வு நெருங்கினால் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எந்தக் கிருமிக்கு எந்த டெஸ்ட் என்று அட்டவணை இருந்தால் அனுப்புங்களேன்." அட்டவணை எல்லோரிடமும் இருக்கிறது. பாக்டீரியா நிமோனியா கேள்விக்கு அது மட்டும் போதாது. கேள்வி ஒரு நோயாளியின் கதையாக வரும். வயதானவர், காய்ச்சல், இருமல், எக்ஸ்ரேயில் நுரையீரலின் ஒரு பகுதி வெள்ளை. அடுத்து என்ன செய்வீர்கள், ஏன்? அந்த 'ஏன்'-இல்தான் மதிப்பெண் இருக்கிறது. அதனால் மாதிரி நோயாளியிடமிருந்து கிளம்பி ரிப்போர்ட்டாகும் வரை போகிற வழியிலேயே படியுங்கள்.

முதல் நிறுத்தம் சளிக் குப்பி. பலர் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். நான் இங்கேதான் நிற்கச் சொல்வேன். நுரை மிதக்கும் தண்ணீர் போன்றது வந்திருந்தால் அது எச்சில். மஞ்சளாக, கெட்டியாக, குச்சியில் நூல் போல இழுபடுவது ஆழத்திலிருந்து வந்த சளி. கண்ணால் பார்த்ததை நுண்ணோக்கியில் உறுதி செய்ய வேண்டும். குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் பரப்பில் வாயின் தட்டைச் செல்கள் 10-க்குக் குறைவாகவும், வெள்ளையணுக்கள் 25-க்கு மேலாகவும் இருந்தால் நல்ல மாதிரி. இந்த எல்லை ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். உங்கள் விரிவுரையாளர் கொடுத்ததையே எழுதுங்கள். காரணத்தை விட்டுவிடாதீர்கள்: நிமோனியா தரும் கிருமிகளான நிமோகாக்கஸும் ஹீமோஃபிலஸும் நல்ல ஆரோக்கியமாக இருப்பவரின் தொண்டையிலேயே குடியிருக்கும். எச்சிலில் அவை வளர்ந்தால், நோய்க்குக் காரணம் அவைதான் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது கிராம் சாயம்: கிருமிகளை ஊதா (கிராம் பாசிட்டிவ்), சிவப்பு (கிராம் நெகட்டிவ்) என்று பிரித்துக் காட்டும் முறை. டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் பெர்லினில் இந்த முறையை வெளியிட்டபோது, அவர் பார்த்துக்கொண்டிருந்தது நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களை. நம் பாடத்துக்காகவே பிறந்த சாயம் என்று சொல்லலாம். செய்முறைத் தேர்வில் நிறம் நீக்கும் கட்டத்தில் கவனமாக இருங்கள். அசிட்டோன் ஒரு சில விநாடி கூடினாலும் ஊதாவாக இருக்க வேண்டிய நிமோகாக்கஸ் சிவந்துவிடும். ஈட்டி முனை போல ஜோடி ஜோடியாக ஊதா நிறத்தில் தெரிந்தால் நிமோகாக்கஸ் என்று சந்தேகிக்கலாம். முடிவாகச் சொல்லக் கூடாது.

முடிவு, கிருமியை வளர்க்கும் பிளேட்டில் தெரியும். ரத்தம் கலந்த பிளட் அகாரில் காலனியைச் சுற்றிப் பச்சை சாயல், நடுவில் குழிந்த காலனி. வாயில் சாதாரணமாக இருக்கும் விரிடான்ஸ் வகையும் இதே பச்சையைக் காட்டும் என்பதால்தான், நிமோகாக்கஸின் வளர்ச்சியைத் தடுக்கும் ஆப்டோசின் மருந்து ஏற்றிய வட்டை வைக்கிறோம். 6 மி.மீ. வட்டைச் சுற்றி 14 மி.மீ. அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள, வளர்ச்சி இல்லாத வளையம் இருந்தால் நிமோகாக்கஸ். அதைவிடச் சிறிய வளையம் என்றால் பித்த உப்பில் கரைகிறதா என்று பார்க்க வேண்டும். பிளேட்டை 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் வைத்ததாக எழுதுங்கள். சாதாரணக் காற்றில் வைத்தால் வளையம் பெரிதாகி அளவு ஏமாற்றும். ஹீமோஃபிலஸுக்கு சாக்லேட் அகார், கிளெப்சியெல்லாவுக்கு மெக்காங்கி அகாரில் வழவழப்பான இளஞ்சிவப்புக் காலனி. இவை எளிது, அட்டவணையே போதும்.

பிளேட்டில் எதுவுமே வளராத கதையும் வரும். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் இல்லை, கிராம் சாயத்தில் தெரியாது, பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) எழுதுங்கள். லீஜியோனெல்லா கரி கலந்த பிசிஒய்இ அகாரில்தான் வளரும். சிறுநீர் ஆன்டிஜென் சோதனை விரைவானது, ஆனால் முக்கியமாக செரோகுரூப் 1 என்ற ஒரு வகையை மட்டுமே பிடிக்கும். அது நெகட்டிவ் என்றால் லீஜியோனெல்லா இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

படித்ததை வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள். நான் அம்மாவிடம் சொன்னபோது, "எக்ஸ்ரேயிலயே தெரிஞ்சுடுச்சே, அப்புறம் எதுக்கு ரத்தம், சளி எல்லாம்?" என்று கேட்டார். நிமோனியா இருக்கிறது என்பதை எக்ஸ்ரே சொல்லும், எந்தக் கிருமி என்பதைச் சொல்லாது. அதையும் அவருக்குப் புரியும்படி சொல்லி முடித்தபோது, ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஏன் எடுக்கிறோம் என்பது எனக்கே தெளிவாகிவிட்டது. மருந்து உள்ளே போன பிறகு கிருமி வளர மறுக்கும்.

கடைசியாக, நம் சிங்கப்பூரிலும் காணப்படும் ஒன்று: மெலியோய்டோசிஸ். நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை கிருமியால் வருவது; நீரிழிவு உள்ளவர்களை அதிகம் தாக்கும். நிமோனியாவாகவே பெரும்பாலும் வெளிப்படும். 1912-இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும் முதலில் விவரித்த நோய். கேள்வியில் நீரிழிவு, கனமழை, இரு முனையிலும் சாயம் ஏறிய கிராம் நெகட்டிவ் கோல்கள் என்று வந்தால் சூடோமோனாஸ் என்று அவசரப்பட வேண்டாம். பிளேட்டை முகர்ந்து பார்க்காமல் மூடி, பாதுகாப்புக் கேபினட்டுக்கு மாற்றி, மேற்பார்வையாளரிடம் உடனே தெரிவிப்பதாக எழுதுங்கள். சிங்கப்பூரில் இது சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். அந்த வரியையும் சேர்த்துவிடுங்கள்.