கொப்பி நனைந்த வீடு

யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்குப் 11 மாதமாகியும் 9ஆம் மாத ஊசி போடவில்லை. குடும்பநல மாது இரண்டு தரம் போயும் வீட்டில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லையாம். நான் தாய்மார் ஆதரவுக் குழுவில் இருப்பதால், "நீங்கள் ஒருக்கால் கதைச்சுப் பாருங்கோ" என்றார்.

அந்த ஊசி தடுக்கும் நோய்களைச் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா என்று பாடமாக்கிக்கொண்டுதான் போனேன். வாசலிலேயே அம்மம்மா மறித்தா. "ஆறாம் மாத ஊசிக்குப் பிள்ளை விடிய விடிய அனுங்கினது. காணும்."

என் மகனுக்கும் அன்றிரவு உடம்பு அனலாய்க் கொதித்ததைச் சொன்னேன். தொடையில் ஊசி போட்ட இடம் கட்டிபட்டுப் போனதையும் சொன்னேன். தேத்தண்ணி வந்தது. பாடமாக்கியது அப்படியே மிஞ்சிவிட்டது.

பின்னேரம் நண்டுக் கம்பனியில் வேலை முடிந்து தாய் வந்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. கூரை ஒழுகி, பிள்ளையின் ஊசி விபரம் எழுதும் கிளினிக் கொப்பி கூழாகிப்போயிருந்தது. முன்பு ஓரிடத்தில் திகதி பிந்திப் போனதற்கே எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கியவள். கொப்பியே இல்லாமல் எப்படிப் போவாள்? போனாலும் அரைநாள் சம்பளம் போய்விடும்.

குடும்பநல மாதுவின் பதிவேட்டில் பழைய ஊசி விபரமெல்லாம் இருக்கிறது, பிந்தினாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை என்றேன். சம்பளத்துக்கு என்னிடம் வழியில்லை. குடும்பநல மாதுவிடம் சொல்லி அவளை முதல் ஆளாகக் கூப்பிட ஒழுங்கு செய்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

கிளினிக்கில் ஊசி போட்டு, 20 நிமிடம் வாங்கில் இருத்தினார்கள். தாய் போனில் நேரம் பார்த்தபடியே இருந்தாள். புதுக் கொப்பி கிடைத்தது. அதை அம்மம்மா ஒரு சொப்பிங் பையில் போட்டு, அதை இன்னொன்றில் போட்டு, அந்தோனியார் படத்து ஆணியில் கொழுவினா.

இந்த ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் அன்றிரவு வராது, ஒரு கிழமை கழித்துத்தான் வரும் என்று அம்மம்மாவுக்கு முதலே சொல்லி வைத்திருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வாசலை நான் பிறகு மிதித்திருக்க ஏலாது. எட்டாம் நாள் இரவு போன் வந்தது.

"பிள்ளை, நீ சொன்ன காய்ச்சல் வந்திட்டுது."

விடிய நானும் குடும்பநல மாதுவும் போய்ப் பார்த்தோம். பிள்ளை பாணைச் சப்பிக்கொண்டிருந்தது. அடுத்தது மூளைக்காய்ச்சல் ஊசி. இதற்கும் அதற்கும் நாலு கிழமை இடைவெளி வேண்டும். அம்மம்மா கலண்டரைக் கழற்றி வந்து, "எண்ணிச் சொல்லு" என்றா.