மீதியை வெள்ளித்திரையில் காண்க: பாட்டுப் புத்தகங்களை ஸ்கேன் செய்த குறிப்புகள்

பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய இடம் நடுமடிப்பு. படத்தின் பாட்டு வரிகளும் கதைச்சுருக்கமும் அச்சிட்டு, தியேட்டரில் ஓரணா, இரண்டணாவுக்கு விற்ற சரக்கு இது. 16 பக்கம் என்றால் நான்கு தாளை நடுவில் மடித்து ஒன்றோ இரண்டோ கம்பிப் பின் அடித்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பின் துருவேறி, சுற்றிலும் காசளவுக்குக் காகிதத்தைக் காவியாக்கி வைத்திருக்கும். நகத்தால் கிள்ளி இழுத்தால் காவி படிந்த பகுதி முழுதும் பின்னோடு கழன்று வந்துவிடும். முதல் கட்டில் இரண்டு புத்தகங்கள் அப்படித்தான் ஓட்டையாயின.

இப்போது செய்யும் முறை வேறு. நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் மடிந்த கால்களுக்கு அடியில் மெல்லிய பாலியெஸ்டர் ஷீட் துண்டு ஒன்றைச் செருக வேண்டும். அதன்மேல் மொக்கைக் கத்தியின் முனையை வைத்துக் கால்களை நிமிர்த்தலாம். கத்தி உரசுவது ஷீட்டில்தான், காகிதத்தில் அல்ல. பிறகு புத்தகத்தைக் கவிழ்த்து, முதுகுப் பக்கமும் ஷீட்டைச் செருகிப் பின்னை நேராகத் தூக்க வேண்டும். பின் துருவால் ஒடிந்தால் நல்லதுதான், துண்டு துண்டாக எடுத்துவிடலாம். துருப்பொடியை மிருதுவான பிரஷால் தட்டியபின் தாள்கள் தனித்தனியே தட்டையாகப் படுக்கும். ஸ்கேன் முடிந்ததும் பழைய ஓட்டைகளிலேயே பருத்தி நூல் கோத்துத் தைத்துவிடுகிறோம். மறுபடியும் ஸ்டேப்ளர் அடித்தால் அடுத்த துருவுக்கு விதை போட்டதாகிவிடும். செலோடேப் ஒட்டிய பக்கத்தைத் தொடாமல் அப்படியே ஸ்கேன் செய்வது உத்தமம். டேப்பை உரித்தால் எழுத்தும் உரியும்.

ராமபாணப் பூச்சி இருந்தால் பாலிதீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்தபின் ஒருநாள் முழுதும் பையைப் பிரிக்கக்கூடாது. அவசரப்பட்டால் காகிதத்தின்மேல் ஈரம் கோத்துக்கொள்ளும்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி இன்று இல்லை. 1930களின் படங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். நடித்தவர் யார், பாட்டு எழுதியவர் யார், எந்தப் பாட்டு எந்த ராகம் என்பதற்குப் பாட்டுப் புத்தகமும் பத்திரிகை விளம்பரமும்தான் சாட்சி. கதைச்சுருக்கம் சுவாரசியமான இடத்தில் அறுந்து ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிற்கும். படச்சுருளே இல்லாத படத்துக்கு அந்த வரியைத் தட்டச்சு செய்யும்போது கை சற்று நிற்கத்தான் செய்கிறது.

வேலையைத் தொடங்குமுன், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும் இணையத்தில் ‘நூலகம்’ போன்ற திரட்டுகளிலும் அதே புத்தகம் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிட வேண்டும். இருந்தால், நம்முடையது அதைவிட நல்ல பிரதியாக இருக்கும்போது மட்டுமே ஸ்கேனுக்கு எடுக்கிறோம்.

ஸ்கேனர் விஷயத்தில் ஒரே ஒரு பாடம். மெலிதான சிஐஎஸ் ஸ்கேனருக்குக் கண்ணாடியிலிருந்து அரை மில்லிமீட்டர் எழும்பிய காகிதமே மங்கலாகிவிடும். சுருங்கிய பழந்தாளுக்குச் சற்றுப் பருமனான சிசிடி வகை ஃப்ளாட்பெட்தான் சரி. தாளைத் தானாக இழுக்கும் ஃபீடர் பக்கமே போகக்கூடாது. எழுத்துப் பக்கம் 400 டிபிஐ, படங்கள் அச்சான பக்கமும் அட்டையும் 600. மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரிந்தால் தாளின் பின்னால் கறுப்பு அட்டை வைத்தாலே பெரும்பாலும் மறைந்துவிடும். ஹாஃப்டோன் படங்களில், அதாவது சிறு புள்ளிகளால் அச்சான படங்களில், கட்டம்கட்டமாக அலை தெரிவது புள்ளிகளும் ஸ்கேனரின் வரிசையும் மோதுவதால் வருவது. அதைப் போக்கும் ‘டீஸ்க்ரீன்’ வசதியை மூலக் கோப்பில் போடக்கூடாது. பார்வைக்கான நகலில் மட்டும் போதும்.

இடக் கணக்கு: 12க்கு 18 செ.மீ. பக்கம், 400 டிபிஐ, முழு வண்ணம், சுருக்காத டிஃப் படக்கோப்பு என்றால் பக்கத்துக்கு 16 எம்பி. 600இல் அது 36 எம்பி. உள்ளே 16 பக்கமும் அட்டை 4 பக்கமும் சேர்ந்தால் ஒரு புத்தகம் 400 எம்பியை ஒட்டி வரும். இரண்டு வட்டில் ஒவ்வொன்று, வேறு ஊரில் ஒன்று என மூன்று நகல். கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணைத் தனிக் கோப்பில் எழுதிவைத்து, வட்டை மாற்றும்போதெல்லாம் ஒப்பிட்டுவிடுகிறோம்.

ஸ்கேன் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. மாதக்கணக்கில் இழுப்பது புத்தகம் அச்சான ஆண்டைக் கண்டுபிடிப்பது. 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் அச்சிட்டவர் பெயரையும் ஊரையும் போடச் சொன்னது. ஆண்டைப் போடச் சொல்லவில்லை. அதனால் கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சுக்கூடத்தின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்காது. அப்போது விலையைப் பார்க்க வேண்டும். நயா பைசா 1957 ஏப்ரல் 1இல் வந்தது. 1964 ஜூனில் ‘நயா’ உதிர்ந்தது. ஆக ‘15 ந.பை.’ என்றிருந்தால் இந்த ஏழாண்டுக்குள் அடங்கும். அணா விலை அவ்வளவு உறுதியில்லை, ஏனென்றால் 1957க்குப் பிறகும் கொஞ்ச காலம் அணாவும் புழங்கியது. முகவரியில் ஆறிலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. தும்பிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’ இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று முடிவுகட்டிவிடக்கூடாது. அரசாணை வந்த மறுநாளே எல்லா அச்சகமும் ஈய எழுத்தை மாற்றிவிடவில்லை.

இதில் பெரிய பொறி, மறுவெளியீடு. பழைய படம் பத்தாண்டு கழித்து மீண்டும் திரைக்கு வந்தால் புதிதாகப் பாட்டுப் புத்தகமும் அச்சாகும். விலையை வைத்துப் படத்தின் ஆண்டைச் சொல்லப் போனால் தவறிவிடும். அதனால் பட்டியலில் ‘படம் வெளியான ஆண்டு’, ‘புத்தகம் அச்சான ஆண்டு’ என்று இரண்டு கட்டங்கள் வைத்தோம். இரண்டாவதற்குப் பக்கத்தில் எந்தத் தடயத்தை வைத்து முடிவு செய்தோம் என்ற குறிப்பும் கட்டாயம். தலைப்பை மட்டும் நம்பினாலும் ஆபத்து. அரிச்சந்திரன் கதை தமிழில் 1932, 1944, 1968 என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நடிகர் பட்டியலோடு ஒத்துப் பார்க்காமல் எதையும் ஏற்றுவதில்லை.

பாட்டு வரிகளை, படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் என்ற மென்பொருளில் ஓட்டிப் பார்த்தோம். தேய்ந்த ஈய எழுத்தில் புள்ளி விழாமல் போன ‘க்’ எல்லாம் ‘க’ ஆனது. பழைய ‘றா’, ‘ணை’ வடிவங்களை அது வாய்க்கு வந்தபடி படித்தது. ‘ா’வும் ‘ர’வும் ஒன்றோடொன்று மாறின. திருத்தும் நேரத்தில் கையாலேயே அடித்துவிடலாம், அடிக்கிறோம். ஒருவர் அடித்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பது, இருவர் பெயரையும் கோப்பிலேயே குறிப்பது என்பது பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திடம் கற்ற பழக்கம். அச்சிலுள்ள எழுத்துக்கூட்டலைத் திருத்துவதில்லை, சந்தியைப் பிரிப்பதுமில்லை. யூனிகோடில் மட்டும் கவனம் வேண்டும். ‘ஸ்ரீ’யை ஸகரம் வைத்தும் ஶகரம் வைத்தும் அடிக்கலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடலில் ஒன்று அகப்படாது. ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடித்திருப்பதும் அப்படித்தான். இந்த இரண்டையும் தேடிப் பிடிக்கச் சின்ன நிரல் ஒன்று ஓடுகிறது.

எல்லாவற்றையும் உடனே பொதுவில் வைக்க முடியாது. பாடலாசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாடல்கள் நாட்டுடைமை, சிக்கலில்லை. பாபநாசம் சிவன் 1973இல் காலமானார். அவர் பாடல்களை 2034இல்தான் தொடலாம். கண்ணதாசன் 1981 என்பதால் 2042. ஒரே புத்தகத்தில் மூவர் எழுதியிருந்தால் கடைசியாக விடுபடுபவரின் ஆண்டே அந்தப் புத்தகத்துக்கு. அதுவரை அட்டவணை மட்டும் வெளியே, ஸ்கேன் செய்த பக்கங்கள் உள்ளே.

புத்தகம் கொடுத்தவருக்கு எழுதித் தரும் சீட்டில் பக்க எண்ணிக்கை, கிழிசல்கள், பின் எத்தனை என்பது வரை இருக்கும். அட்டையின் நிழற்படம் ஒன்றையும் சேர்த்துத் தருகிறோம். திருப்பித் தரும்போது அவர் கண்முன் எண்ணிக் காட்டினால் போதும், அடுத்த பெட்டியும் கிடைத்துவிடுகிறது.

இப்போது மேசையில் இருப்பது முன்னட்டையும் கடைசித் தாளும் இல்லாத ஒன்று. படப்பெயர் இல்லை, விலை இல்லை, அச்சகம் இல்லை. ஆறு பாட்டும் பாதிக் கதையும் இருக்கின்றன. பாட்டின் முதல் வரிகளை மற்ற புத்தகங்களின் அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.