நைட்ரோ கார் ஸ்டார்ட் ஆகாதபோது

நைட்ரோ எஞ்சின் கொண்ட ரிமோட் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பலரும் உடனே எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசியைத் திருகத் தொடங்குகிறார்கள். நான் முதலில் எரிபொருள் கேனைத்தான் பார்ப்பேன். மெத்தனால், நைட்ரோமீத்தேன், உயவு எண்ணெய் ஆகியவற்றின் கலவையான இந்த எரிபொருளில் மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், மூடி சரியாக இறுகாத கேனில் பல மாதம் கிடந்த எரிபொருள், பார்வைக்குத் தெளிவாகவே இருந்தாலும், எஞ்சினைச் சீராக ஓட விடாது. வெயில் படாத, குளிர்ந்த, தீப்பொறிக்கு வாய்ப்பில்லாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். மெத்தனால் கொடிய நஞ்சு. காரின் டேங்கில் மிஞ்சியதை மீண்டும் கேனில் ஊற்றுவது எனக்கு ஒப்பாத சிக்கனம்.

அடுத்த சந்தேகம், சூடான கம்பிச்சுருளால் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக். அதைக் கழற்றி, அதைச் சூடாக்கும் பேட்டரிக் கருவியான இக்னைட்டரில் பொருத்தினால் கம்பிச்சுருள் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். மங்கலாக இருந்தால், இக்னைட்டரை முழுதாகச் சார்ஜ் செய்து பார்த்த பின்பே பிளக்கைக் குறை சொல்லலாம்.

ஸ்டார்ட்டர் கயிறு நடுவில் இறுகி நின்றால் பெரும்பாலும் சிலிண்டருக்குள் எரிபொருள் தேங்கியிருக்கும். அப்போது பலங்கொண்டு இழுத்தால் கயிறு அறும், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் வளையக்கூடும். பிளக்கைக் கழற்றி, காரைக் கவிழ்த்து, முகத்தை விலக்கிக்கொண்டு கயிற்றைச் சில முறை இழுத்தால் தேங்கியது வெளியேறிவிடும். மாறாக, எரிபொருள் கார்புரேட்டரை எட்டவே இல்லையென்றால், புகைபோக்கி வாயை விரலால் ஒரு கணம் மூடிக்கொண்டு மெதுவாக இழுக்கலாம். ஊசிகளைத் தொடுவது இதற்கெல்லாம் பிறகுதான். அதுவும் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து.