யாருடைய வசதிக்கு வளைப்பது?
ஓபன் சோர்ஸ் புராஜெக்ட்களில் ஓயாமல் வரும் சண்டை இது. வேலை முறையை நேற்று வந்தவருக்கு வசதியாக வைப்பதா, மற்றவர்கள் அனுப்பும் நிரல்களைப் பல வருடமாக ரிவியூ செய்து களைத்துப்போனவருக்கா?

கம்பைலர்களை உருவாக்க உதவும் எல்எல்விஎம் என்ற புராஜெக்ட்டின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ரொம்ப காலம் ரிவியூ ஃபேப்ரிகேட்டர் என்ற தனிக் கருவியில்தான் நடந்தது, ஒன்றைச் சார்ந்து இன்னொன்று என்று அடுக்கடுக்காக வரும் பேட்ச்களை, அதாவது நிரல் திருத்தங்களை, தனித்தனியாகப் பார்க்க அதில் நல்ல வசதி உண்டு, பெரிய மாற்றத்தைத் துண்டு துண்டாக அனுப்பிப் பழகியவர்களுக்கு அது சொர்க்கம். புதியவருக்கோ கிட்ஹப்தான் தெரியும், ஒரு சின்னத் திருத்தத்துக்காக இன்னொரு கருவி, இன்னொரு கணக்கு. 2021இல் ஃபேப்ரிகேட்டரை வளர்த்துவந்த நிறுவனமே பராமரிப்பைக் கைவிட்டது. 2023இல் எல்எல்விஎம், கிட்ஹப்பில் திருத்தத்தை அனுப்பும் வழியான புல் ரிக்வெஸ்ட்டுக்கு மாறியது. அடுக்கு பேட்ச்களுக்கு அங்கே சரியான வழி இல்லையே என்று பழையவர்கள் புலம்பியதைப் பழக்கதோஷம் என்று தள்ளிவிட முடியாது, நியாயமான குறைதான் அது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் பேட்ச் அனுப்புவதும் ரிவியூவும் இன்னும் மின்னஞ்சலில்தான். ஆனால் பி4 என்ற கருவியால், மின்னஞ்சல் அனுப்பத் தேவையான எஸ்எம்டிபி அமைப்போடு மல்லுக்கட்டாமலே பேட்ச் அனுப்பலாம். பராமரிப்பாளருக்கு எதுவும் மாறவில்லை, வருகிறவருக்கு வாசற்படி கொஞ்சம் இறங்கியது. எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

கட்டாயம் ஒரு பக்கம் நில் என்றால் ரிவியூ செய்பவர் பக்கம் நிற்பேன். பேட்ச் எழுத ஆள் வந்துவிடும் சாமி, படித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அதற்காகப் புதியவருக்கான நாலு வருடப் பழைய வழிகாட்டியை அப்படியே போட்டுவைத்துவிட்டு 'படிச்சுட்டு வா' என்பது அராஜகம்.