சூப்பர் ஹீரோ குதித்தால் தரை அதிர வேண்டும்

வானத்தில் ஒரு பெரிய ஓட்டை விழும், அதிலிருந்து ஏதாவது இறங்கும், ஊர் இடியும், கேப் கட்டியவர் பறந்து வந்து குத்துவார். சூப்பர் ஹீரோ படங்களின் கடைசி அரை மணி நேரம் பல வருஷமாக இதுதான். 2025-ல் வந்த 'சூப்பர்மேன்', 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்', 'தண்டர்போல்ட்ஸ்', மலையாளத்து 'லோகா' நான்கையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று புரியும். எந்தச் சண்டை மனசில் நிற்கிறது, எது தியேட்டர் படியிறங்குவதற்குள் மறந்துபோகிறது என்பதற்கும் பட்ஜெட்டுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. திரையில் இருக்கும் உடம்புக்கு எடை இருக்கிறதா என்பதுதான் விஷயம். (கதையின் முடிச்சுகள் சில கீழே அவிழும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

எடை என்பதைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொட ஒரு நொடி எடுக்கும். 20 மீட்டருக்கு 2 நொடி. உயரம் நாலு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு. இந்தக் கணக்கு படிக்காதவர் கண்ணுக்கும் தெரியும், பிறந்ததிலிருந்து பொருட்கள் விழுவதைப் பார்த்து வளர்ந்த கண் அது. ஆறேழு மாடி உயரத்திலிருந்து குதித்த ஹீரோ முக்கால் நொடியில் தரைக்கு வந்துவிட்டால் 'என்னமோ சரியில்லை' என்று தோன்றும், ஏன் என்று சொல்லத் தெரியாது. ராட்சத உருவங்களுக்கும் இதே கணக்குதான். பழைய காலத்து மினியேச்சர்காரர்கள் பதினாறில் ஒரு பங்கு அளவில் கட்டடம் செய்து இடித்தால், கேமராவை நாலு மடங்கு வேகத்தில், அதாவது நொடிக்கு 96 ஃப்ரேமில் ஓட்டுவார்கள். திரையில் அது 24-ல் ஓடும்போது இடிபாடுகள் மெதுவாகச் சரியும், கட்டடம் பெரிதாகத் தெரியும். பெரியது மெதுவாகத்தான் அசையும். கணினியில் செய்யும்போது இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை, அதனால் அவசரப்படுத்திவிடுகிறார்கள்.

எம்பிக் குதிப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மனிதன் குதிக்கும் முன் முழங்கால் மடங்கும், இடுப்பு தாழும், பிறகுதான் உடம்பு மேலே போகும். ரோப் கட்டி இழுக்கும்போது பட்டை இருப்பது இடுப்பில். ரோப் ஆட்கள் இழுக்கும் கணமும் நடிகர் கால் மடக்கும் கணமும் ஒன்றாக விழாவிட்டால் இடுப்பு முதலில் கிளம்பும், கால்கள் பின்னால் துணி மாதிரி தொங்கிக்கொண்டு போகும். அதை மறைக்க எடிட்டர் கிளம்பும் இடத்தில் ஒரு கட், நடுவானில் ஒரு கட், இறங்குவதில் ஒரு கட் என்று வெட்டுவார். சண்டை புரியவில்லை என்று நாம் புலம்பும் பல இடங்களில் நடந்தது இதுதான். தவறு எடிட்டிங் டேபிளில் இல்லை, ரோப் இழுத்த இடத்தில்.

அடுத்தது வெளிச்சம். பின்னணியைப் பிறகு கணினியில் சேர்ப்பதற்காகப் பச்சைத் துணிக்கு முன்னால் எடுக்கும்போது பின்னணியில் என்ன வரப்போகிறது என்று ஒளிப்பதிவாளருக்கே தெரியாவிட்டால், எதற்கும் பொருந்தட்டும் என்று முகத்துக்குப் பொதுவாக ஒரு மழுங்கிய வெளிச்சம் கொடுத்துவிடுவார். ஆறு மாதம் கழித்துப் பின்னால் எரிமலை வரும். எரிமலையின் சிவப்பு முகத்தில் இருக்காது. 'தி பேட்மேன்' (2022) படத்தில் ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர் மொட்டைமாடிக் காட்சிகளுக்குப் பெரிய எல்இடி சுவரைப் பயன்படுத்தினார். விடியற்கால நகரம் அந்தச் சுவரிலேயே ஓடுகிறது, அதன் ஆரஞ்சு வெளிச்சமே நடிகர் முகத்தில் விழுகிறது. இதில் தொழில்நுட்பத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. சுவரில் ஓட வேண்டிய நகரம் ஷூட்டிங்குக்கு முன்பே தயாராக இருந்தாக வேண்டும், 'பிறகு பார்த்துக்கலாம்' என்று சொல்ல வழியே இல்லை. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' (2019) இதற்கு நேர் எதிர். காலப்பயணத்துக்கு எல்லோரும் போட்டு நடக்கும் அந்த வெள்ளை உடை நிஜத்தில் தைக்கப்படவே இல்லை, முழுக்கக் கணினியில் செய்தது. பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியவில்லை, அந்த அளவுக்கு நல்ல வேலை. ஆனால் துணியைக்கூட ஷூட்டிங் முடிந்தபிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்ற பழக்கம் வந்துவிட்டால், அடுத்து சண்டையே அந்த வரிசையில் போய் நிற்கும்.

இனி படங்கள்.

'தண்டர்போல்ட்ஸ்' ஆரம்பமே கோலாலம்பூரின் மெர்டேக்கா 118 கோபுரத்தில். 678.9 மீட்டர், உலகத்தின் இரண்டாவது உயரமான கட்டடம். உச்சியிலிருந்து நாயகி யெலீனா ஒரு அடி எடுத்துவைத்து அப்படியே கீழே போகிறாள். யெலீனாவாக நடித்த ஃப்ளோரன்ஸ் பியூ தானே கயிறு கட்டி அங்கிருந்து இறங்கியிருக்கிறார். கவனிக்க வேண்டியது, அந்த அடியில் ஹீரோயிசமே இல்லை. வாழ்க்கை சலித்தவள் பஸ் படியிறங்குவது மாதிரி இறங்குகிறாள். காற்று உடையை எப்படி அடிக்கிறது, கால் விளிம்பைவிட்டு எப்படி நழுவுகிறது என்பதெல்லாம் நிஜம் என்பதால் குரல் பின்னணியில் சொல்லும் வெறுமை பார்ப்பவர் வயிற்றில் போய் உட்கார்கிறது. யாராலும் வெல்ல முடியாத சக்திகொண்ட சென்ட்ரியோடு மோதும் இடமும் நல்ல யோசனை. எல்லோரும் அடிக்கிறார்கள், அவன் நகரவே மாட்டேன் என்கிறான். அசையாமல் நிற்பவனுக்குத்தான் அங்கே எடை அதிகம், செலவும் குறைவு. கிளைமாக்ஸில் வானத்து ஓட்டைக்குப் பதிலாக, ஒருத்தனுடைய அவமான நினைவுகள் ஒவ்வொரு அறையாக வருகின்றன. மனிதர்கள் சுவரில் கரிய நிழலாகப் படிந்து காணாமல் போகும் அந்த எஃபெக்ட்டில் ரத்தமும் இல்லை, இடிபாடும் இல்லை. நான்கில் அதிகம் பயமுறுத்துவது அதுதான். நடுவில் பாலைவனப் பகுதி மட்டும் இழுவை.

'சூப்பர்மேன்' வேறு சிக்கலில் மாட்டியிருக்கிறது. இயக்குநர் ஜேம்ஸ் கன் செய்த நல்ல காரியம், சண்டைகளைப் பட்டப்பகலில் வைத்தது. மழை, இருட்டு, தூசி என்று கணினி வேலையின் தையலை மறைக்கும் போர்வைகளை விலக்கிவிட்டார், துணிச்சல்தான். பறக்கும் காட்சிகளில் வைட் லென்ஸை சூப்பர்மேனாக நடித்த டேவிட் கோரன்ஸ்வெட் முகத்துக்கு மிக அருகே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். வேகம் தெரிகிறது, ஆனால் வைட் லென்ஸ் கிட்டே போனால் மூக்கு பெரிதாகி காது பின்னால் ஓடிவிடும். சில ஷாட்களில் எஃகு மனிதர் செல்ஃபி எடுத்துக்கொண்டே பறப்பதுபோல இருக்கிறது. பாக்கெட் யுனிவர்ஸ் என்ற செயற்கைக் குட்டிப் பிரபஞ்சத்தில் நடக்கும் பகுதியில் எது தரை, எது வானம் என்றே பிடிபடவில்லை. தரை எங்கே என்று தெரியாத இடத்தில் விழுவதற்கு என்ன பயம்?

ஆனால் அதே படத்தில் வில்லன் லெக்ஸ் லூத்தர் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு அடிக்கும் ஒரு குறியீட்டைக் கத்த, அங்கே அவனுடைய அடியாள் அல்ட்ராமேன் அதன்படி குத்துவது அருமை. குத்து வரும் முன்பே வரப்போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. கபடியில் ரைடருக்குப் பின்னால் நின்று கூட்டம் குரல் கொடுப்பது மாதிரி ஒரு பதற்றம். படத்தின் உச்சம் சண்டையே அல்ல, ஆரம்பத்தில் பத்திரிகையாளர் லோயிஸ் தன் வீட்டில் கிளார்க்கை, அதாவது சூப்பர்மேனை, பேட்டி எடுக்கும் நீண்ட காட்சி. காதலனாக உட்கார்ந்தவன் பேட்டி முடியும்போது குற்றவாளிக் கூண்டில் நிற்பவன்போல ஆகிவிடுகிறான். இரண்டு நடிகர்கள், ஒரு ஹால், கணினி வேலை பூஜ்யம்.

'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' பற்றிச் சுருக்கமாக. 1960-களின் எதிர்காலக் கற்பனையில் கட்டிய வீடு, கார், டிவி எல்லாம் தொட்டுப் பார்க்கத் தோன்றும் தரம். நியூட்ரான் நட்சத்திரத்தைச் சுற்றித் துரத்தல் நடக்க, கப்பலுக்குள் பிரசவ வலி. நான்கு படங்களிலும் சிறந்த ஆக்‌ஷன் காட்சி அதுவே. கிரகங்களையே விழுங்கும் ராட்சத வில்லன் கேலக்டஸ் மன்ஹாட்டனில் நடந்து வரும்போது மேலே சொன்ன கணக்கை மதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் நேரம் எடுத்துக்கொள்கிறான், அதனால் நிஜமாகவே மலை நடந்து வருகிறது. அந்தப் பிரசவத்தில் பிறக்கும் குழந்தைதான் சறுக்கல், பல ஷாட்களில் அதன் முகம் கணினிப் பொம்மை. குழந்தை முகம் எப்படி அசையும் என்று எல்லோருக்கும் அத்துப்படி. அங்கே ஏமாற்ற முடியாது.

இப்போது 'லோகா'. சூப்பர்மேன் தயாரிப்புச் செலவு 22.5 கோடி டாலர் என்கிறார்கள், நம் கணக்கில் 1,900 கோடி ரூபாயைத் தொடும். லோகா சுமார் 30 கோடியில் முடிந்து, 300 கோடிக்கு மேல் வசூலித்தது. டொமினிக் அருண் இயக்கம், நிமிஷ் ரவி ஒளிப்பதிவு, துல்கர் சல்மானின் தயாரிப்பு. கதைக்கு மூலம் கேரள நாட்டுப்புறக் கதைகளின் யட்சி கள்ளியங்காட்டு நீலி, களம் இன்றைய பெங்களூரு. நீலி நமக்கும் அந்நியமானவள் அல்ல. பழையனூர் நீலியின் கதையிலிருந்துதான் 'நீலிக் கண்ணீர்' என்ற பேச்சே நம்மிடம் வந்தது. அங்கே வஞ்சம் தீர்க்கும் பேயாக இருந்தவளை இந்தப் படம் வஞ்சிக்கப்பட்ட பழங்குடிச் சிறுமியாகத் திருப்பி எழுதுகிறது. அந்த ஃப்ளாஷ்பேக்தான் படத்தின் முதுகெலும்பு. கோயில், அரசன், எரியும் குடிசை என்று சில நிமிஷங்களில் அவளுடைய கோபத்துக்கு நியாயம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் அந்தப் பாரம் ஏறிக்கொள்கிறது.

நீலியாக நடித்த கல்யாணி பிரியதர்ஷனுக்குச் சண்டை அமைத்த யானிக் பென், அவரைப் பறக்கவிடாமல் கூடியவரை தரையிலேயே வைத்திருக்கிறார். குறைந்த பணத்தில் எடுப்பவர்களுக்கு இது நல்ல பாடம். பறக்கும் ஷாட்டுக்கு ரோப் வேண்டும், ரோப்பை அழிக்க ஆள் வேண்டும், பின்னணியை மாற்ற வேண்டும். ஒருத்தியை இரண்டு பேர் பிடிக்க, அவள் அசையாமல் நின்று ஒருத்தனை மட்டும் தூக்கி எறிந்தால், ரோப் கட்ட வேண்டியது எறியப்படும் ஸ்டன்ட்காரருக்கு மட்டும்தான். அவர் முகம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஹீரோயினின் பலம் எதிராளியின் உடம்பில் தெரிகிறது.

வில்லன் நாச்சியப்ப கவுடாவாக வருவது நம்ம ஊர் டான்ஸ் மாஸ்டர் சாண்டி. நடனக்காரருக்குத் தோளும் கழுத்தும் தனித்தனியாகப் பேசும். பிற்பாதியில் அவர் மனிதனல்லாத ஒன்றாக மாறும்போது மேக்கப்பைவிட அந்தக் கழுத்துத் திருப்பலே போதுமாக இருக்கிறது. குறை என்றால், இரண்டாம் பாதியில் அடுத்த பாகங்களுக்கு விதை தூவும் அவசரம். கெஸ்ட் ரோலில் ஒருவர் வந்து போகும்போதெல்லாம் விசில் பறக்கிறது, கதை பிரேக் போடுகிறது.

மலையாளக்காரர்களுக்கு இது முதல் முறையும் அல்ல. 'மின்னல் முரளி'யில் (2021) ஒரே இரவில் தையல்காரனையும் டீக்கடைத் தொழிலாளியையும் இடி தாக்கும். டீக்கடைக்காரனாக வந்த நம் குரு சோமசுந்தரம் வில்லன் என்ற சொல்லுக்கே கண்ணீர் வரவைத்தார். தமிழில் 'மாவீரன்' (2023) இன்னும் சிக்கனம். ஹீரோவுக்கு இருக்கும் ஒரே சக்தி காதில் கேட்கும் விஜய் சேதுபதியின் குரல். சிவகார்த்திகேயன் அண்ணாந்து பார்த்தால் போதும், எஃபெக்ட் முடிந்தது. உதிரும் குடியிருப்புச் சுவர்தான் அங்கே ராட்சதன்.

இவற்றையெல்லாம் ஓடிடியில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேலை. டிவி செட்டிங்ஸில் அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி அல்லது ஆட்டோ மோஷன் பிளஸ் என்ற பெயரில் இருக்கும். பெரும்பாலும் கடையிலிருந்து வரும்போதே ஆன் ஆகித்தான் வரும். படம் நொடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமும் வழக்கமாக நொடியில் 48-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்து பதிவாகிறது, அதனால் கை வீசினால் ஒரு இழுப்பு மங்கல் வரும். கணினியில் செய்த உடம்புக்கும் அதே மங்கலைக் கணக்குப் போட்டுச் சேர்த்திருப்பார்கள். டிவி நடுவில் புதிதாக ஃப்ரேம்களை இட்டு நிரப்பினால் அந்தப் பொருத்தம் கலைகிறது, சூப்பர்மேன் மாலை நேர சீரியலில் வருவதுபோல வழுக்கிக்கொண்டு போவார். படம் எடுத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் இது தானாக அணைந்துவிடும். விவிட் மோடும் வேண்டாம், இரவுக் காட்சிகளில் கறுப்பு சாம்பலாகி, லோகாவின் பாதிப் படம் பாழாகும்.

தியேட்டரில் 3டி, 2டி இரண்டும் ஓடினால் 2டிக்கே போகலாம். 2டி திரைக்கு விதித்த வெளிச்சம் 14 ஃபுட்லேம்பர்ட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு). 3டி கண்ணாடி வழியாகக் கண்ணுக்கு வருவது பல இடங்களில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். இருட்டுச் சண்டைக்கு அது போதாது.

ஸ்மூத்திங் அணைந்ததா என்று சோதிக்க 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' (2018) படத்தின் காட்டுத் துரத்தலைப் போட்டுப் பாருங்கள். புதிதாக ஸ்பைடர்மேன் ஆன மைல்ஸ் தடுமாறும் சிறுவன் என்பதால் அவனுடைய ஒவ்வொரு அசைவையும் இரண்டு ஃப்ரேம் நிறுத்தி நொடிக்கு 12 நிலைகளில்தான் வரைந்தார்கள். கூடவே வலை வீசிப் போகும் அனுபவசாலி ஸ்பைடர்மேன் பீட்டருக்கு 24. ஒரே ஷாட்டில் ஒருவன் தட்டுத்தடுமாற இன்னொருவர் வழுக்கிப் போவது கண்ணுக்குத் தெரிந்தால் டிவி சரியாக இருக்கிறது. இருவரும் ஒரே மாதிரி வெண்ணெயாகப் போனால் மறுபடி செட்டிங்ஸுக்குள் போங்கள், எங்கோ ஒரு ஸ்விட்ச் இன்னும் ஆனில் இருக்கிறது.