மூன்றாம் பேஸிலிருந்து ஒரு அடி

2025 நவம்பர் 2, நள்ளிரவு கழிந்து கால் மணித்தியாலம் இருக்கும். அலெஹாண்ட்ரோ கேர்க்கின் மட்டை உடைந்தது. பந்து தரையில் உருண்டு மூக்கி பெட்ஸிடம் போனது. அவர் இரண்டாம் பேஸை மிதித்துவிட்டு முதலாம் பேஸுக்கு எறிந்தார். அவ்வளவுதான். லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் 5, ரொறன்ரோ புளூ ஜேஸ் 4. பேஸ்போல் கிண்ணத்துக்கான உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், பதினொராவது இன்னிங்ஸில் முடிந்தது. மாமா ரிவியை நிற்பாட்டவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, ரிமோட்டைக் கையில் வைத்தபடி இருந்தார்.

அந்த நேரம் அம்மாவின் அழைப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில், காலை பத்து மணி ஆகப்போகிறது. அம்மாவுக்கு பேஸ்போல் தெரியாது. ஆனால் ஒரு மாதமாக ஒவ்வொரு நாளும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, இன்னும் படுக்கேல்லையோ? உன்ர நீலக்குருவியள் வென்றிட்டினமோ?"

"இல்லையம்மா, தோத்திட்டம்."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், தோத்திட்டம் என்றிருக்கிறேன். இந்த நாட்டில் எதையும் நான் அதுவரை 'நாங்கள்' போட்டுச் சொன்னதில்லை. பனி அவர்களுடையது, பஸ் அவர்களுடையது, வரிப் படிவம் அவர்களுடையது. தோல்வி ஒன்றுதான் முதலில் எங்களுடையதாக வந்தது.

நான் ஸ்காபரோவுக்கு வந்தது 2024 தை மாதம். இவருக்கு இரவு வேலை. மாமியும் மாமாவும் மேல்வீட்டில், நாங்கள் கீழே பேஸ்மென்டில். அந்த முதல் வருடம் பேஸ்போல் என்பது எனக்குக் கூரைக்கு மேலே கேட்கும் மாமாவின் பெருமூச்சுதான். அந்த வருடம் ஜேஸ் 74 ஆட்டங்களில் வென்று 88இல் தோற்றது. ஐந்து அணிகள் உள்ள பிரிவில் கடைசி இடம். அந்தக் கடைசி இடத்து அணியையும் மாமா ஒரு நாள் விடாமல் பார்த்தார். எனக்கு அது விளங்கவில்லை. எங்கள் ஊரில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் வருடத்துக்கு ஒரு கிரிக்கெட் பெரும்போர், மூன்று நாள், அதோடு சரி. இங்கே ஆறு மாதத்தில் 162 ஆட்டம். கோயில் பூசை மாதிரி, சனம் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும்.

2025 ஏப்ரலில் ஒரு நாள் சாப்பாட்டுக் கோப்பையோடு மேலே போனபோது மாமா கூப்பிட்டார். "பிள்ளை, இஞ்ச வந்து இரும். இந்தப் பொடியனைப் பாரும்." விளாடிமிர் கெரேரோ ஜூனியர். 14 வருடத்துக்கு 500 மில்லியன் அமெரிக்க டொலர் என்று அப்போதுதான் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். மாமா காசைப் பற்றிக் கதைக்கவில்லை. "தகப்பன் மொன்றியலுக்கு விளையாடேக்க அங்க பிறந்தவன். மொன்றியல் அணி 2004ஓட போட்டுது. இப்ப கனடா முழுக்க இது ஒண்டுதான்" என்றார். நான் பார்த்தது வேறு. அவர் அடித்துவிட்டு ஓடிய ஓட்டம்.

எல்லே! நான் பள்ளிக்கூடத்தில் எல்லே அணியில் இருந்தவள். மூங்கில் தடியால் அடித்துவிட்டு, இங்கே பேஸ் என்பது மாதிரி, நான்கு தரிப்புகளையும் சுற்றி வரவேண்டும். அடிக்க மூன்று தருணம். ஓடும்போது பந்தால் எறிந்து பட்டால் ஆட்டமிழப்பு. எங்கள் விளையாட்டு ரீச்சர் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு கத்துவார்: "தரிப்பில கோயில் கட்டாதையும் பிள்ளை, ஒரு கால் வெளியில இருக்கோணும்!" 20 வருடமாக அந்தக் குரலை மறந்திருந்தேன். அந்த இரவு பாத்திரம் கழுவும்போது கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்புறம் தினமும் மேலே போனேன். தொடக்கம் நன்றாக இல்லை. மே 27 வரை எண்ணினால் தோல்விகள் வெற்றிகளைவிட அதிகம். மாமா அசையவில்லை. "இது நீட்டு ஓட்டம் பிள்ளை, இருந்து பாரும்." கனடா தினத்தன்று நியூயோர்க் யாங்கீஸை 12-5 என்று அடித்தார்கள். ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் ஒருவரே ஏழு ஓட்டங்களைக் கொண்டுவந்தார். அந்த நான்கு ஆட்டங்களையும் வென்று, ஜூலை 3 அன்று பிரிவில் முதலிடம். அமெரிக்காவோடு வரிச் சண்டை நடந்த வருடம் அது. யாங்கீஸ் தோற்றால் எங்கள் தெருவில் தமிழே தெரியாத கிழவர்கள்கூட மாமாவுக்குக் கை காட்டினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாமா எங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். 500ஆம் மட்டம், கூரைக்குக் கிட்ட. அந்தக் கூரை திறக்கும். 1989இல் கட்டியபோது அதற்குப் பெயர் ஸ்கைடோம் என்றார் மாமா. இன்றும் அவர் அப்படித்தான் சொல்வார். அந்த வருடம் செவ்வாயில் ஹொட் டோக் ஒரு டொலர். "செவ்வாயும் அதுவுமாய்" என்று மாமி வீட்டிலிருந்தே புளிச்சாதம் கட்டித் தந்திருந்தார். வாசலில் பையைத் திறந்து காட்டி அதோடு உள்ளே போனோம். 500ஆம் மட்டத்தில், சிஎன் கோபுரம் தலைக்கு மேலே நிற்க, வாழையிலை இல்லாத குறையோடு சாப்பிட்டோம். பக்கத்து இருக்கைப் பெண் வாசனை பிடித்து என்னவென்று கேட்டாள். ஒரு கரண்டி கொடுத்தேன். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவள்தான். இறங்கும்போது பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

கடைசி நாளுக்கு வருகிறேன். செப்டெம்பர் 28 அன்று ரம்பா பேயை 13-4 என்று வென்றார்கள். யாங்கீஸும் ஜேஸும் சரியாக 94 வெற்றி, 68 தோல்வி. நேருக்கு நேர் ஆடியதில் ஜேஸ் 8-5 என்று முன்னுக்கு நின்றதால் பிரிவு எங்களுக்கு. ஒரு வருடத்துக்கு முன் கடைசியில் கிடந்தவர்கள். அடுத்த சுற்றில் அதே யாங்கீஸை 3-1 என்று அனுப்பினார்கள். பிறகு சியாட்டில் மரினர்ஸோடு ஏழு ஆட்டம்.

அந்த ஏழாவது ஆட்டம் ஒக்டோபர் 20, தீபாவளி. காலையில் எண்ணெய் வைத்து முழுகிவிட்டு வேலைக்குப் போய் வந்த தீபாவளி. ஊரில் என்றால் இந்நேரம் யார் வீட்டுக்குப் பலகாரம் போயிருக்கும், யார் வீட்டிலிருந்து வந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு சோபாவில் இருந்தேன். ஏழாவது இன்னிங்ஸில் ஜேஸ் 3-1 என்று பின்தங்கி நிற்க, ஸ்பிரிங்கர் இரண்டு பேர் பேஸில் நிற்க அடித்தார். பந்து இடதுபக்க மதிலைத் தாண்டியது. 4-3. மாமி முறுக்குத் தட்டோடு குசினியிலிருந்து ஓடிவந்தார். 1993க்குப் பிறகு முதல் தடவையாக உலகத் தொடர். வெளியே யாரோ வெடி கொளுத்தினார்கள். அது தீபாவளிக்கோ ஸ்பிரிங்கருக்கோ தெரியாது.

அடுத்த நாள் பஸ்ஸில் சாரதி, எனக்கு முன்னால் நின்ற கிழவி, பள்ளிக்கூடப் பையன்கள் எல்லோரும் கதைத்தார்கள். என்னிடமும் கேட்டார்கள், பார்த்தாயா என்று. இரண்டு வருடமாக அதே பஸ்ஸில் போகிறேன். என்னிடம் யாராவது கேட்ட முதல் கேள்வி அது. இனி எனக்கு இங்கே பழகிவிடும் என்று அன்று உண்மையாகவே நினைத்தேன்.

உலகத் தொடர் கந்தசஷ்டிக்குள் வந்தது. மாமி விரதம். மூன்றாவது ஆட்டம் 27ஆம் தேதி, சூரன்போர் நாள். கோயிலில் சூரனின் தலை மாறி மாறி வருவதைப் பார்த்துவிட்டு வந்து இருந்தால், ரிவியில் ஷோஹெய் ஒட்டானி. ஒன்பது முறை மட்டை பிடிக்க வந்து ஒன்பது முறையும் பேஸுக்குப் போனார். வெட்ட வெட்ட முளைத்தார். ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டிய ஆட்டம் பதினெட்டுக்குப் போனது. விடிய மூன்று மணியளவில் ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்து முடித்தார். 6-5, டொட்ஜர்ஸ்.

பதினைந்தாவது இன்னிங்ஸ் அளவில் பார்த்தால் என் வலது கை மடியில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, கை வலிக்குதோ?" என்றார். இல்லை என்றேன்.

1996 மார்ச் 17. மீசாலையில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. கரண்ட் இல்லாமல் ஆறு வருடம்; பற்றறிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, பெடலைக் கையால் சுற்றுவோம். லாகூரில் இலங்கை ஆடும் கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. எந்த அணிக்காகக் கேட்கிறோம் என்று அப்பா சொல்லவில்லை. "முரளி போடுறான், சுத்து" என்று மட்டும் சொன்னார். கை தளர்ந்தால் வர்ணனையாளரின் குரல் கிணற்றுக்குள் போகும். சித்தப்பா என் கையோடு சேர்த்துப் பிடித்துச் சுற்றுவார். அரவிந்த டி சில்வா சதம் அடித்ததும் யாரும் கை தட்டவில்லை. அப்பா மட்டும், "நல்ல ஆட்டக்காரன்" என்றார். அடுத்த மாதம், மீசாலை இருக்கும் தென்மராட்சியும் இராணுவத்திடம் போய்விட்டது.

நான்காவது, ஐந்தாவது ஆட்டங்களை ஜேஸ் வென்றது. ட்ரே யெசவேஜ் என்ற 22 வயதுப் பிள்ளை ஐந்தாவதில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தான், பந்து வீசியே வெளியேற்றினான். ஏப்ரலில் கீழ் வகுப்பு அணி ஒன்றில் இருந்தவன். தொடரில் ஜேஸ் 3-2 என்று முன்னுக்கு. இன்னும் ஒரு வெற்றி போதும். ஒக்டோபர் 30 ஆட்டம் இல்லாத நாள்.

அன்றுதான் யுத்தத்தால் எங்கள் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து 30 வருடம். ஆட்டம் இருந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன். மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் இரவு முழுக்க ஓரடி ஓரடியாக நகர்ந்தது, அம்மா படலையைப் பூட்டிவிட்டுத் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்தது, எல்லாம் அந்த ஆட்டமில்லாத மாலையில் வந்து இருந்துகொண்டது. மாமாவுக்கு அதெல்லாம் கேள்விப்பட்டது. அவர் 1988இல் வந்தவர். ஜேஸின் ஜோ கார்ட்டர் 1993இல் மதிலுக்கு மேலால் அடித்த ஹோம் ரன்னை டவுன்ரவுன் உணவகம் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு ரேடியோவில் கேட்டவர். அன்று அவர் ஒன்றும் கதைக்காமல் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போட்டார்.

ஆறாவது ஆட்டத்தின் கடைசியில் அடிசன் பார்ஜர் அடித்த பந்து மதிலின் அடியில் சிக்கிக்கொண்டது. சிக்கினால் இரண்டு பேஸ்தான் என்பது விதி. பிறகு இரண்டாம் பேஸிலிருந்து சற்று முன்னேறி நின்ற பார்ஜர், வேறொருவர் அடித்த பந்தைக் கிக்கே ஹெர்னாண்டஸ் தரையில் படமுன் பிடித்ததும், தன் பேஸுக்குத் திரும்பிப் போவதற்குள் அவுட். 3-1, டொட்ஜர்ஸ்.

என் மனக்குறை அங்கேதான் தொடங்குகிறது. ஏழாவது ஆட்டத்தில் போ பிஷெட் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தது, இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் கிண்ணம் என்ற நிலையில் மிகேல் ரோஹாஸ் அடித்துச் சமன் செய்தது எல்லாம் விளையாட்டு. அதற்கு அழலாம், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸின் அடிப்பாதி, ஜேஸ் மட்டை பிடிக்கும் முறை; ஒரு ஓட்டம் எடுத்தால் கிண்ணம். 4-4. ஒரு அவுட். மூன்று பேஸிலும் ஆள். மூன்றாம் பேஸில் ஐசையா கைனர்-ஃபலேஃபா. டோல்டன் வார்ஷோ தரையில் அடித்தார். ரோஹாஸ் தடுமாறி, ஓட்டம் முடியும் வீட்டுப் பேஸுக்கு எறிந்தார். கைனர்-ஃபலேஃபா சறுக்கி வந்தார். அங்குலக் கணக்கில் அவுட்.

அவர் மூன்றாம் பேஸுக்கு ஒட்டியே நின்றிருந்தார். ஒட்டி நிற்கச் சொன்னார்கள் என்று பிறகு அவரே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். நேராகப் போகும் பந்தைப் பிடித்து இரண்டு அவுட் ஆக்கிவிடக்கூடாது என்ற பயம். முந்திய இரவு பார்ஜருக்கு நடந்தது அதுதானே. எனக்கு அந்தப் பயம் விளங்குகிறது, அதனால்தான் மனம் ஆறவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு அடி கூட வைத்ததால் தோற்றார்கள். சனிக்கிழமை ஒரு அடி குறைய வைத்ததால் தோற்றார்கள். ஒரு கால் வெளியில் இருக்கோணும் பிள்ளை. ஒரே ஒரு அடி.

இதை எல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, அடுத்த முறை பாப்பம்" என்றார். நாளைக்கு எத்தனை மணிக்கு எடுக்க என்றும் கேட்டார். அன்று இரண்டு மணிக்கு இங்கே மணிக்கூட்டைப் பின்னால் திருப்பும் இரவு. ஒன்பதரை மணித்தியால வித்தியாசம் இனி பத்தரை. விளங்கப்படுத்தினேன். "நீங்கள் இன்னும் தள்ளிப் போறியளோ?" என்றார் அம்மா.

மாமா கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டைத் திருப்பினார். இறங்கி வந்து ரிமோட்டை என்னிடம் நீட்டினார்.

"படுக்க இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. அந்த மூன்றாம் பேஸைத் திருப்பிப் போடும் பிள்ளை."

போட்டேன். வார்ஷோ அடிக்கிறார். நான் சோபாவின் நுனிக்கு வந்தேன்.